தை மாதம் தோண்டிய கறிவேப்பிலை

டெல்லியில் நம் ஊர்ப் பக்கத்துச் செடிகளை வளர்த்து விற்கிறவள் வீட்டுக்கு வருடத்தில் எட்டு மாதம் செடி கேட்டு வருவார்கள், மீதி நான்கு மாதம் துக்கம் கேட்டு வருவார்கள்.

இந்த ஊரில் பால்கனியில் ஒரு கறிவேப்பிலையைக் காப்பாற்றப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நவம்பரில் மஞ்சள், டிசம்பரில் உதிர்வு, ஜனவரியில் வெறும் குச்சி. மே மாதம் வேறு கதை. அந்த அனல்காற்றில் நமக்கே உதடு வெடிக்கிறது, வெற்றிலைக் கொடி என்ன செய்யும்?

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். லால்குடியிலிருந்து கல்யாணமாகி நேரே ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். கீழ்வீடு. பின்பக்கம் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு மண். அதில் கறிவேப்பிலை, வெற்றிலை, தூதுவளை, மணத்தக்காளி எல்லாம் வைத்தேன். மலை மந்திர் முருகன் கோயிலில் பார்க்கிறவர்கள் கேட்க, அவர்கள் சொல்லி மற்றவர்கள் கேட்க, அது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் முதல் அந்தக் கறிவேப்பிலை மரம்தான். தொட்டியில் இருப்பவை குளிரில் பாதி போகும். மண்ணில் வேரோடி நின்ற அது மட்டும் ஒவ்வொரு பங்குனியிலும் துளிர்த்துவிடும். என் கையால் ஆன காரியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. ஆனால் வீடு அரசாங்கத்தின் வீடு, மண்ணும் அவர்கள் மண். வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதும் கிளம்ப வேண்டும். அந்த மரம் என்னோடு வருமா, வந்தால் பிழைக்குமா? கடைசி மூன்று வருடம் எனக்கு இதே யோசனைதான்.

பச்சை இருக்கிறதா என்று பார்த்தவள்

சரோஜினி நகரிலிருந்து செல்வி என்று ஒரு பெண் வருவாள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். ஐப்பசியில் ஒரு கன்று வாங்கிப் போனாள். தை பிறந்ததும் போனில் அழுதாள், இலை மொத்தமும் கொட்டிவிட்டதாம். "பயப்படாதே, அது தூங்குகிறது. நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பார். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஹோலி முடிந்ததும் துளிர்க்கும்" என்று சொன்னேன்.

ஹோலி முடிந்து இரண்டு வாரம் கழித்துச் செடியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். எனக்குப் பார்க்கவே பதைத்தது. அடியிலிருந்து நுனி வரை பட்டை என்று ஒன்றுமே இல்லை. உரித்த கரும்பு மாதிரி இருந்தது. என்னடி இது என்றேன். அவளுக்கு என் மேல்தான் கோபம்.

"நீங்கதானே அக்கா கீறிப் பாக்கச் சொன்னீங்க? தினமும் பாத்தேன், தினமும் பச்சையாத்தான் இருந்துச்சு!"

கூலருக்கு முன்னால் ஒரு இடம்

கரோல் பாகில் ஒரு பெரியவர். கும்பகோணத்துக்காரர், தனியாக இருப்பவர். கடையில் கிடைக்கிற பனாரஸ் வெற்றிலை அவருக்குப் பிடிக்காது. நம் ஊர்க் கொடி ஒன்று வேண்டும் என்று இரண்டு வருடம் கேட்டார். ஊரிலிருந்து ரயிலில் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்த கொடி மூன்றில் ஒன்றுதான் பிழைத்திருந்தது. அதைப் பதியம் போட்டு ஒரு தொட்டி அவருக்காக வைத்தேன். அந்த மே மாதம் காற்று நெருப்பாக வீசியது. காலையில் நிமிர்ந்து நிற்கிற இலை பத்து மணிக்குச் சுருண்டுவிடும்.

வேறு வழி தெரியாமல் தொட்டியை உள்ளே கொண்டுவந்து, கூலரின் ஈரக்காற்று படுகிற இடத்தில் வைத்தேன். அது என் வீட்டுக்காரர் நாற்காலி போடுகிற இடம். ஆபீஸிலிருந்து வந்தவர் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றபடியே தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிச் சமையலறை வாசலில் போட்டுக்கொண்டார். ஜூன் முழுக்க அங்கேதான் உட்கார்ந்தார். பெரியவருக்குக் கொடி போய்ச் சேர்ந்தது. அவர் வீட்டில் கூலர் இல்லை, அதனால் ஒரு வாரத்தில் அதுவும் போய்ச் சேர்ந்தது. நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே சொன்னார்:

"அவருக்கு அடுத்த தடவை கொடி வேணாம்மா, கூலரைக் குடு."

சாக்கடையோரத்து மருந்து

வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை கேட்டு ஒரு பெண் வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், பாதி இந்தியில்தான் பேசுவாள். நான் தொட்டியில் விதை போட்டு, கோடையில் துணி கட்டி நிழல் கொடுத்து, ஒரு பிள்ளையை வளர்ப்பது போல் வளர்த்துக் கொடுத்தேன். மறுவாரம் தொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். செடி இல்லை. அவர்கள் வீட்டுத் தோட்டக்காரன், அந்த மாலி, களை என்று பிடுங்கிப் போட்டுவிட்டானாம். நான் பதறிப்போய், அது மருந்துச் செடியாயிற்றே என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே தெருமுனையில் குனிந்து பார்த்தேன், அவள் சொன்னது சரிதான்.

"ஆன்ட்டி, மாலி பையா சொன்னான், இது சாக்கடை ஓரமா தானாவே வளருதாம். நீங்க ஏன் இவ்ளோ டென்ஷன் எடுத்துக்கறீங்க?"

மார்கழி கழியட்டும்

வீட்டுக்காரர் செப்டம்பர் கடைசியில் ஓய்வு பெற்றார். ஜனவரி முடிவதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். டெல்லியிலேயே துவாரகாவில் மூன்றாவது மாடியில் வாங்கியிருந்த ஃப்ளாட்டின் சாவி கார்த்திகை கடைசியில்தான் கைக்கு வந்தது.

"இப்பவே போயிடலாம், மண்ணு இன்னும் சூடா இருக்கு. மரத்துல இலையும் இருக்கு, தூக்கிட்டுப் போனா பிழைச்சுக்கும்" என்றார் அவர். செடியைப் பற்றி அவர் வாயால் அக்கறையாகப் பேசியது அன்றுதான். நான்தான் முரண்டு பிடித்தேன். நாலு நாளில் மார்கழி. அதற்குள் நல்ல நாள் ஒன்றுகூட இல்லை. மார்கழியில் யார் பால் காய்ச்சுவார்கள்? தை பிறக்கட்டும், முதல் முகூர்த்தத்தில் போகலாம் என்றேன். வருகிறவர்களிடமெல்லாம் நம் ஊர் மாதத்தைப் பார்த்து இங்கே எதையும் நடாதீர்கள், பிடுங்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். என் வீடு என்று வந்தபோது பஞ்சாங்கத்தைத்தான் பார்த்தேன். அவர் விவாதம் செய்யவில்லை.

"சரிம்மா, நல்ல நாள் நமக்குத்தானே. மரத்துக்கு எது நல்ல நாளுன்னு அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்க."

ஆணிவேர்

தை பிறந்து ஐந்தாம் நாள். பத்து மணிக்கும் எதிர்வீடு தெரியாத மூடுபனி. எங்கள் வரிசைக்கெல்லாம் தோட்ட வேலை பார்க்கிற ராம்சரண், வாயிலிருந்து புகை வர, கடப்பாரையோடு வந்தான். பதினைந்து வருடப் பழக்கம். நான் விற்ற தொட்டிகளில் பாதிக்கு மண் கலந்தவன் அவன்தான். மரத்தைச் சுற்றி வந்தான், தொட்டுப் பார்த்தான், கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். ஃபிப்ரவரி போகட்டும், நானே எடுத்துக்கொண்டுவந்து தருகிறேன் என்றான். ஃபிப்ரவரியில் இங்கே வேறு ஆள் இருப்பார்கள் என்றேன்.

இரண்டு மணி நேரம் தோண்டினான். இரண்டு முழத்துக்குக் கீழே ஆணிவேர் தண்ணீர்க் குழாயின் அடியில் புகுந்து போயிருந்தது. டெம்போக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். நான்தான் "வெட்டு" என்றேன். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. சாக்கைச் சுற்றிக் கட்டி, இரண்டு பேர் தூக்கி டெம்போவில் படுக்க வைத்தார்கள். ராம்சரண் கையைக்கூடக் கழுவவில்லை, மண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"ஆன்ட்டிஜி, இதுக்குத் தண்ணி ஊத்துங்க, மோர் ஊத்துங்க, என்ன வேணா ஊத்துங்க. ஆனா என்னை வந்து பாக்கக் கூப்பிடாதீங்க."

மூன்றாவது மாடி

பெரிய டிரம்மில் நட்டேன். பால்கனி வடக்குப் பார்த்தது. காற்று நேரே வந்து அடிக்கும். பழைய வேட்டி, கம்பளி எல்லாம் சுற்றினேன். கூடக் கொண்டுவந்த தொட்டிக் கன்றுகள் நாலும் பத்து நாளில் கருகின. ஹோலி போயிற்று. சித்திரை பிறந்தது. தினமும் காலையில் காப்பித் தம்ளரோடு போய் அதன் முன்னால் நிற்பேன். வைகாசியில் ஒரு கிளையை வளைத்தேன். அப்பளம் மாதிரி ஒடிந்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். ஏதாவது சொல்லியிருக்கலாம். கார்த்திகையிலேயே சொன்னேனே என்றாவது சொல்லியிருக்கலாம்.

அந்த வாரம் கீழ்வீட்டுப் பெண் புதினா கேட்டு வந்தாள். டிரம்மில் நின்ற கட்டையைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, துணி காயப்போட இது நல்லா இருக்கே. ஒரு கயிறு கட்டிடுங்க."

பழைய வீடு

ஆடியில் மலை மந்திருக்குப் போனேன். திரும்பும்போது கால் தானாகப் பழைய வீட்டுப் பக்கம் போயிற்று. பின்பக்க வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தேன். மரத்தைத் தோண்டிய குழியைச் சுற்றி இருபது கன்றாவது இருக்கும். முழங்கால் உயரம், பளபளவென்று. மண்ணுக்குள் நாங்கள் வெட்டி விட்டுப்போன வேர் ஒவ்வொன்றும் முளைவிட்டிருக்கிறது. சுவரோரமாகப் பெயிண்ட் டப்பாக்களில் சில கன்றுகளை எடுத்துத் தனியாக வேறு வைத்திருந்தார்கள்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். ஈரோட்டுப் பக்கமாம், சித்திரையில்தான் குடி வந்தார்களாம். செடி வேண்டுமா என்று அவளே கேட்டாள். தினமும் யாராவது தேடிக்கொண்டு வருகிறார்களாம். நான் இன்னார் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒரு டப்பாவைக் காட்டி அதைக் கொடுக்கச் சொன்னேன். என் மரத்துக் கன்றை நானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். அவள் வேரைச் சுற்றி மண்ணை அழுத்திவிட்டு, தண்ணீர் தெளித்து, என் கையில் கொடுத்தபடியே தைரியம் சொன்னாள்:

"பயப்படாம கொண்டு போங்கக்கா. முன்னாடி இங்க ஒரு அம்மா இருந்தாங்களாம், அவங்க குடுக்கற செடியெல்லாம் குளிருக்குச் செத்துப்போயிருமாம். என்ற செடி அப்படியெல்லாம் சாகாதுங்க."

டெல்லியில் நம் பக்கத்துச் செடி வளர்க்கிற எல்லோருமே முதல் மார்கழி வரும் வரைக்கும் கெட்டிக்காரர்கள்தான், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.