முழங்காலளவுக் கடல்

எங்கள் கட்டுமாவடிக் கடலில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. அதனால்தான், இலங்கையில் திருகோணமலையில் கடை வைத்திருந்த என் கணவர் கடலில் விழுந்து இறந்ததாகச் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. எவளுடனோ குடித்தனம் நடத்துகிறார் என்று தினமும் அவரைத் திட்டினேன்.

சில வருஷம் கழித்து, ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று அண்ணன் என்னை அங்கே அழைத்துப் போனார். கடலோர மலை உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது.

"எம்புட்டு அழகா இருக்குண்ணே" என்று சிரித்தபடி எட்டிப் பார்த்தேன். செங்குத்தான பாறைக்கு அடியில், வெகு ஆழத்தில், அலை வெள்ளையாக உடைந்தது.

"மாப்பிள்ளை இங்கிட்டுதான் தவறி விழுந்தாரும்மா" என்றார் அண்ணன்.

அப்போதுதான் நம்பினேன். வளையல்களைக் கழற்றினேன்.

அதுவரை அவர் மேலிருந்த கோபமாவது எனக்குத் துணையிருந்தது. மலையிலிருந்து இறங்கும்போது அதுவும் இல்லை.