மஞ்சள் விளக்குக்கு முப்பது வினாடி

ராயப்பேட்டையில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை வைத்திருக்கும் கிளிஃபர்ட்டுக்குப் பகல் முழுக்க மனிதக் காதுகளோடுதான் பிழைப்பு. இரண்டு காதும் தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது என்பது அரசாங்கத்தின் ரசனை. அதனாலோ என்னவோ, கடையைச் சாத்தியதும் காதில்லாதவற்றைத் தேடிப் போவார்: டிரான்ஸ்பார்மர், குப்பைத்தொட்டி, தார்ப்பாய் போர்த்திய இஸ்திரி வண்டி. சொல்லிக்கொடுக்க ஆளில்லை, ஆறு வருடமாகப் பாழாய்ப்போன படங்கள்தான் வாத்தியார். "ஊர்ல எல்லாரும் கல்யாணத்தைப் படம் எடுக்கறாங்க, எங்க வீட்டுக்காரர் கரண்ட் பொட்டிய எடுக்கறார்" என்று மனைவி ஃப்ளோரன்ஸ் பெருமைப்படுவார்.

அன்று இரவு ராஜா அண்ணாமலைபுரத்துச் சந்து ஒன்றில் டிரைபாடை ஊன்றியிருந்தார். அந்த வட்டாரத்தில் மிஞ்சிய கடைசி மஞ்சள் விளக்கு அங்கேதான், அதன் கீழே ஓர் இஸ்திரி வண்டியும் குப்பைத்தொட்டியும். மறுநாள் காலை அதைக் கழற்றிவிட்டு வெள்ளை விளக்கு மாட்டப்போகிறார்கள். நகரம் முன்னேறும்போது நிழல்களிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. இன்று எடுத்தால் உண்டு.

படம் பதிய, கேமரா முப்பது வினாடி கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இருபதாவது வினாடியில் சந்தே பட்டப்பகலானது. அங்கேயே குடியிருக்கும் ஆட்டோக்காரர் தணிகாசலம் இரக்கப்பட்டு ஹெட்லைட்டைப் போட்டிருந்தார்.

"இருட்டுல இன்னாத்த நைனா எடுப்ப? நான் கீறேன்ல!"

"அண்ணே, அணைச்சிருங்க. இருட்டுதான் வேணும்."

"இருட்டு வேணும்னா வூட்ல கண்ண மூடிக்கினு படு. அதுக்கு இன்னாத்துக்கு கேமரா?" என்றாலும் அணைத்தார்.

இரண்டாவது முறை, ஆட்டோவை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்த தணிகாசலம் படத்தின் நடுவே வந்ததும் கேமராவைக் கண்டு விறைத்து நின்றார். ஹாரன் அடித்தால்கூட ஒதுங்காத ஊர், கேமராவுக்கு மட்டும் மரியாதை. முப்பது வினாடியும் மூச்சுவிடவில்லை.

"ஆடவே இல்ல, பாத்தியா?"

"அதாண்ணே வினை. நிக்கறவங்கதான் படத்துல விழுவாங்க. நடந்துட்டே இருந்தா விழ மாட்டாங்க. புண்ணியமாப் போவுது, நடங்க."

"போட்டோ எடுக்கசொல்லோ குறுக்க நடக்கறது மரியாதையா?" என்று முனகிக்கொண்டே தணிகாசலம் மனமில்லாமல் நடந்தார்.

மூன்றாவது படத்தில் எல்லாம் இருந்தன. தார்ப்பாயின் மடிப்புதோறும் மஞ்சள் வெளிச்சம் தேங்கிக் கிடந்தது. காரை பெயர்ந்த சுவரில் வேப்பங்கிளையின் நிழல் மெத்தென்று படிந்திருந்தது. கிளிஃபர்ட் கேமராத் திரையில் அதையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் திரையில் எட்டிப் பார்த்தார்.

"நான் எங்கப்பா? குப்பத்தொட்டி கீது, நான் இல்ல!"

கோபமாகத் திரும்பியவர், மறுபடி குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம சந்தா?"

"உங்க சந்துதாண்ணே."

"இவ்ளோ சோக்காவா கீது? யார்கிட்டயும் காட்டாத நைனா. ஹவுஸ் ஓனர் பாத்தான்னா நாளைக்கே வாடகைய ஏத்திடுவான்."