கோட்டுப் போட்ட இஞ்சின் ட்ரைவர்

1. வெயில் காத்திராது

கோச்சி பிந்திவிட்டது. வெயில் பிந்தாது. யாழ்ப்பாண றெயில் ஸ்ரேசன் மேடையின் தெற்கு முனையில் கமராவோடு நின்ற எனக்கு அதுதான் கவலை. ஸ்ரேசன் மாஸ்டரிடம் அனுமதி வாங்கியாயிற்று. பட்டரியை இரண்டு தரம் பார்த்தாயிற்று. பக்கத்தில் உரும்பிராய் மகேஸ்வரி, பிளாஸ்ரிக் உறை போட்ட கறுப்புக் கோட்டொன்றைக் கொழுவியோடு தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

வரப்போகும் கோச்சியின் ட்ரைவர் அவருடைய மகன் கஜன். நீர்வேலியில் ஒரு சம்பந்தம் பேசி, சாதகமும் பொருந்தியிருந்தது. ஆனால் பெண் வீட்டார் முன்பு ஒருமுறை ஏமாந்தவர்கள். கொழும்பில் எஞ்சினியர் என்று வந்த மாப்பிள்ளை, விசாரித்துப் பார்த்தபோது, சொன்ன கந்தோரில் வேலையே பார்க்கவில்லை. அதனால் இம்முறை பெண்ணின் தாய்மாமன், பொடியன் கோச்சியோடு நிற்கும் படம் வேண்டுமென்று கேட்டிருந்தார். கஜனுக்கு ஏற்கெனவே மூன்று சம்பந்தங்கள் தவறிவிட்டன. இதுவும் தவறினால் இனித் தன்னிடம் கலியாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்று தாயிடம் சொல்லிவிட்டானாம்.

படம் எடுக்கும் இளையவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லிவைக்கிறேன். கொழும்பிலிருந்து வரும் கோச்சி வடக்கைப் பார்த்து வரும். பின்னேர வெயில், அதுவும் தை மாசி மாதங்களில், தெற்கும் மேற்குமாகச் சரிந்து விழும். வந்து நின்ற இஞ்சினின் முகம் இருட்டாகத்தான் இருக்கும். எல்லோரும் அந்த நேரத்தில் ஓடிப்போய் எடுத்து, கறுத்த முகத்தோடு திரும்புவார்கள். மேலும் வடக்கே போகாமல் யாழ்ப்பாணத்தோடு திரும்பும் வண்டியென்றால் பொறுத்திருங்கள். பெட்டிகளிலிருந்து இஞ்சின் கழன்று, பக்கத்துத் தண்டவாளத்தால் ஓடி, தெற்குப் பக்கம் வந்து மாட்டும். அப்போது அதன் முகத்தில் வெயில் முழுதாக விழும். கோச்சி இளைப்பாறும் நேரம்தான் படக்காரனுக்கு வேலை நேரம்.

அன்றும் அப்படித்தான் இஞ்சின் கழன்று வந்தது. கமராவைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தேன். கஜன் ஜன்னலால் இடுப்பு வரை வெளியே சாய்ந்து, பின்னால் கொடி காட்டுபவரைப் பார்த்தபடி வந்தான். எண்ணெய் படிந்த கை ஜன்னல் விளிம்பில் இருந்தது. வெளிச்சம் எப்படியென்று பார்க்க ஒரு படம் தட்டினேன்.

அவன் இறங்கியதும் தாய் கோட்டை நீட்டினார்.

"கோட்டோடை இஞ்சின் ஓட்டுறவனை எங்கையம்மா கண்டனீங்கள்?"

"நீ ஓட்ட வேண்டாம் தம்பி, நில். படம் எடுத்தாப்பிறகு ஓட்டு."

போட்டான். கழுத்துப்பட்டியும் கட்டினான். இருபத்து மூன்று படங்கள் எடுத்தேன். இருபத்து மூன்றிலும் வேறு யாருக்கோ கலியாணம் போல நின்றான்.

2. நீர்வேலி சொன்ன பதில்

ஸ்ரூடியோவில் மகேஸ்வரி கோட்டுப் படமொன்றைத் தெரிந்தெடுத்தார். நான் ஜன்னல் படத்தையும் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"எண்ணெய்க் கையோடை என்ரை பிள்ளையை ஒரு வீட்டுக்கு அனுப்புறதே, அண்ணை? உந்தப் படத்தை ஒருத்தருக்கும் காட்டிப்போடாதையுங்கோ."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் படம் எடுப்பித்தவரின் சொல்தான் முடிவு. படத்தை உறையிலிட்டு மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

அடுத்த கிழமை அவர் முகம் வாடி வந்தார். தாய்மாமன் படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். சண்டையால் நின்றுபோன கோச்சி திரும்பி வந்த நாளிலிருந்து யாழ்ப்பாணம் முழுக்க அதற்கு முன்னால் நின்றுதான் படம் எடுக்கிறது, கோட்டுப் போட்டு நிற்பவன்தான் அதை ஓட்டுகிறவன் என்று கோச்சியா சொன்னது என்று கேட்டாராம். அவர் கேட்டதில் பிழையில்லை. ஜன்னல் படத்தை அனுப்புவோமா என்று மறுபடி கேட்டுப் பார்த்தேன். மகேஸ்வரி அதற்கும் சம்மதிக்கவில்லை.

3. விசாரிக்க வந்தவர்

எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசினால் விசாரிப்பார்கள். படிப்பித்த வாத்தியார், தெருமுனைக் கடைக்காரர், தலைமயிர் வெட்டுபவர் என்று எல்லோரிடமும் போவார்கள். படக்காரனிடமும் வருவார்கள். நீர்வேலித் தாய்மாமன், கடவுச்சீட்டுப் படம் எடுக்க வந்தவர் போல வந்தார். எடுத்தேன். காசைத் தந்த பிறகும் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அண்ணை, உரும்பிராய்ப் பொடியனைக் கோட்டோடை எடுத்தது நீங்கள்தானே? வேறை படம் ஏதும் இருக்கோ?"

லாச்சி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. திறந்து காட்டினால் அலுவல் அந்த நிமிடமே முடிந்துவிடும். ஆனால் ஒரு வீட்டுக்கு எடுத்த படத்தை மற்ற வீட்டுக்குக் காட்டாததால்தான் என் ஸ்ரூடியோவின் வாசலுக்குச் சனம் வந்தது. படம் எடுக்கப் பெண் பிள்ளைகளை நம்பி விட்டுப்போனதும் அதனால்தான்.

"இருந்தாலும் இல்லாட்டிலும் அது எடுப்பிச்சவையின்ரை. அவையைத்தான் கேக்கவேணும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அப்ப பொடியன் ட்ரைவர் இல்லைப்போலை."

நான் காத்த ஒழுங்கே அந்தப் பிள்ளையின் சம்பந்தத்தைக் குழப்பிவிடும் போலிருந்தது. படத்தை மறைக்கலாம். எல்லோரும் தெருவில் நின்று பார்க்க ஓடும் இஞ்சினை ஏன் மறைக்க வேண்டும்?

"என்னைக் கேக்கிறதை விடுங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்ரேசனுக்குத் தெற்காலை இருக்கிற றெயில் கேற்றடியிலை போய் நில்லுங்கோ. கோச்சி வந்தாப்பிறகு இஞ்சின் கழண்டு அந்தப் பக்கம் வரும். ஓட்டுறது ஆரெண்டு உங்கடை கண்ணாலை பாருங்கோ. வெயில் முதுகிலை படுகிற மாதிரி நில்லுங்கோ, முகம் வடிவாத் தெரியும்."

அவர் போன பிறகு கவலை இரட்டித்தது. வெள்ளிக்கிழமை கஜனின் முறை என்று தாய் சொன்னது நினைவிருந்தது. முறை மாறி, ஜன்னலில் வேறொருவரின் முகம் வந்தால் எல்லாம் அன்றோடு சரி. மகேஸ்வரிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கோட்டோடு கேற்றடிக்கு வந்துவிடுவார்.

4. வெட்டாத படம்

சனிக்கிழமை காலை தாய்மாமன் வந்தார். சிரிக்கவில்லை. கைத்தொலைபேசியை நீட்டினார்.

படம் ஆடியிருந்தது. கேற்றின் கம்பம் பாதிப் படத்தை மறித்தது. இஞ்சினின் முகம் வெட்டுப்பட்டிருந்தது. ஜன்னலில் கஜன், வாயைத் திறந்து, கையை வீசி யாரையோ ஏசிக்கொண்டிருந்தான். மூடிய கேற்றுக்குக் கீழால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன ஒருவரையாம். அவர் தண்டவாளத்தைத் தாண்டும் வரை இஞ்சினை நிறுத்தி வைத்திருந்தானாம்.

"மருமோளையும் கூட்டிக்கொண்டுதான் போனனான். அவள்தான் எடுத்தவள். பெருப்பிச்சுத் தரட்டாம்."

தொழில் புத்தி விடவில்லை. கம்பத்தை வெட்டி, கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினால் ஓரளவு தேறும் என்றேன்.

"ஒண்டையும் வெட்ட வேண்டாமாம். தான் பாத்த மாதிரியே வேணுமாம்."

என் லாச்சிக்குள் அதைவிடப் பன்மடங்கு நல்ல படம் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை. அந்தப் பெண் வெயிலில் நின்று, தானே பார்த்து, தானே எடுத்த படத்தோடு என் படம் போட்டி போடாது. ஒருவர் தன் கண்ணுக்குச் சாட்சியாக எடுத்த படம் உங்களிடம் வந்தால், பிள்ளைகளே, அதில் கைவைக்காதீர்கள். வந்தபடியே அச்சடியுங்கள்.

எத்தனை பிரதி என்று கேட்டேன்.

"இரண்டு. ஒண்டு எங்கடை வீட்டுக்கு. மற்றதை நான் உரும்பிராய்க்குக் கொண்டுபோறன். மாப்பிள்ளை வீட்டுக்கு வெறுங்கையோடை போகேலாதே."