ஒன்ஸ்மோர் நாகேந்திரம்

வெள்ளவத்தையில் நாகேந்திரம் என்று கேட்டால் எந்த நாகேந்திரம் என்பார்கள். ஒன்ஸ்மோர் நாகேந்திரம் என்றால் மீன்காரனும் வீட்டைக் கைகாட்டுவான். கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் கிளாக்கர் உத்தியோகம். அது வயிற்றுக்கு. மற்றபடி அந்த மனுஷன் பிறவியெடுத்ததே கொட்டாஞ்சேனைக் கொட்டகையில் முன்வரிசையில் இருந்து பாட்டு நாடகம் பார்க்கத்தான்.

வருஷா வருஷம் மதுரைப் பக்கத்திலிருந்து நாடகக் கம்பனி கப்பலேறி வரும். ராஜபார்ட் ரத்தினசபைப் பாகவதர். சும்மா சொல்லக்கூடாது, என்ன குரல்! கடைசிக் காட்சியில் ராசா நெஞ்சில் கத்தி பாய்ந்து விழுவார். விழுந்தபடியே ஒரு முழுப்பாட்டைப் பாடிவிட்டுத்தான் உயிரை விடுவார். தலை சாய்ந்ததும் நாகேந்திரம் எழும்பி "ஒன்ஸ்மோர்!" என்று ஒரு சத்தம் போடுவார். கொட்டகை முழுக்கப் பின்னால் கத்தும். செத்த ராசா எழும்பிச் சால்வையைத் தட்டி, ஆர்மோனியக்காரருக்குக் கண்ணைக் காட்டி, கத்தியைத் திரும்பச் செருகிக்கொண்டு முதலிலிருந்து சாவார். ஒருமுறை நாலு தரம் செத்தார். அன்றைக்கு நாகேந்திரத்துக்குக் கால் நிலத்தில் படவில்லை.

"நான் வைக்கிற குழம்புக்கு ஒரு நாளாவது ஒன்ஸ்மோர் கேட்டிருக்கிறியளே?" என்பாள் பெண்சாதி ஜெகதீஸ்வரி. அதற்கு மட்டும் அவருக்குக் காது கேளாது.

முதல் குரல் தன்னுடையது என்பதில் ஆள் படு கண்டிப்பு. கொட்டாஞ்சேனையில் தையல்கடை வைத்திருந்த ஒஸ்வால்ட் ஒருநாள் முந்திக் கத்திப்போட்டார். வந்ததே கோபம்!

"இதென்ன மீன் சந்தையோ? ராசாவுக்கு மூச்சு அடங்கவேணும், தலை சரியவேணும், பிறகு கண் இமைக்கிற நேரம் பொறுக்கவேணும். அந்த இடம் எனக்குத்தான் தெரியும். நான் துவங்காமல் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது!"

"சரி, சரி, முதல் குரல் உங்களுக்கே. சும்மா என்னத்துக்குச் சண்டை?" என்று ஒஸ்வால்ட் கும்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து கொட்டகையில் அதுதான் சட்டம்.

ஒரு வருஷம் நோட்டீசில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: பாகவதரின் கடைசி இலங்கைப் பயணம். தொண்டை இனித் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை பின்னேரம் கடைசி நாடகம். முடிந்த கையோடு ஊருக்குக் கப்பல் பிடிக்க மெயில் ரயில். நாகேந்திரம் விழுந்து விழுந்து அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சபதம் போட்டார்.

"அஞ்சு தரம் சாகப்பண்ணாட்டி என்ரை பேர் நாகேந்திரம் இல்லை."

"பாவம் அந்த மனுஷன். தொண்டை சரியில்லை எண்டுதானே போறார்?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"உமக்குக் கலை விளங்காது."

வந்தது வினை, துரைசாணி உருவத்தில். நாகேந்திரம் வேலை செய்த கந்தோரின் வெள்ளைக்காரத் துரை, அவருடைய பெண்சாதிக்கும் பாட்டு நாடகப் பைத்தியம். வெள்ளைக்காரர் கூடி நடத்துகிற நாடகத்தில் அவள்தான் கதாநாயகி. வெள்ளியும் சனியும் நாடகம். வெள்ளிக்கிழமை கிளாக்கர்மார் எல்லாரும் வந்தே தீரவேண்டும் என்று உத்தரவு. மற்றவர்கள் வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு போக, நாகேந்திரம் ஆசையாகவே போனார். காதலனைப் பறிகொடுத்த துரைசாணி ஒரு பாட்டுப் பாடினாள். இழுத்த இழுப்பில் ஒரு சொல் பிடிபடவில்லை, ஆனால் நெஞ்சைப் பிசைந்தது. பாட்டு முடிந்தது. கண் இமைக்கிற நேரம் பொறுத்தார். எழும்பினார்.

"ஒன்ஸ்மோர்!"

மண்டபத்தில் ஈ ஆடவில்லை. நம்முடைய கொட்டகைகளில் கிடந்து புரளுகிற இந்த இங்கிலீசுச் சொல் இங்கிலீசுக்காரரின் கொட்டகையில் கிடையாது என்ற சங்கதி பாவி மனுஷனுக்கு எங்கே தெரியும்? அவர்கள் அதற்குப் பிரெஞ்சுக்காரரிடம் 'ஆன்கோர்' என்று ஒரு சொல் இரவல் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒன்ஸ்மோர் என்றால் அவர்கள் காதுக்கு, பிழையாய் ஒப்புவித்த பிள்ளைக்கு வாத்தியார் சொல்லுகிற சொல். துரைசாணி முகம் சிவந்து, விம்மிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அடுத்தநாள் காலை துரை கூப்பிட்டார்.

"என் மனைவியின் பாட்டில் என்ன பிழை கண்டாய்?"

"பிழையே இல்லை, சேர். அதனால்தான் திரும்பப் பாடச் சொன்னேன்."

"பிழை இல்லையென்றால் எதற்குத் திரும்பப் பாடவேண்டும்?"

உத்தியோகம் போகிற பயத்தில் நாகேந்திரம் கொட்டகை வழக்கம் முழுவதையும் விளக்கினார். விளக்கம் போதாதென்று கம்பளத்தில் விழுந்து, ராசாவைப்போலச் செத்து, எழும்பி, திரும்பச் செத்தும் காட்டினார். துரை வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அருமை! அவள் இரவெல்லாம் அழுதாள். இன்றைக்குப் பின்னேரம் என் பக்கத்தில் வந்து உட்கார். பாட்டு முடிந்ததும் அப்படியே கத்து. அவள் சந்தோஷப்படட்டும்."

"இன்றைக்கா, சேர்? இன்றைக்கு வந்து..."

துரை கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"யெஸ், சேர்," என்றது நாகேந்திரத்தின் வாய். சம்பளம் வாங்கிப் பழகின வாய், அப்படித்தான் சொல்லும்.

பின்னேரம் துரைசாணி பாடினாள். இவர் கத்தினார். திரும்பப் பாடினாள். துரை முழங்கையால் இடித்தார். அவளுக்கோ ருசி பிடித்துவிட்டது. ஒவ்வொரு பாட்டு முடியவும் நாகேந்திரத்தின் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டு நின்றாள். கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிப் போயிற்று. மனமோ கொட்டாஞ்சேனையில். இப்போது ராசா வேட்டைக்குப் போயிருப்பார், இப்போது மந்திரி கத்தியை ஒளித்திருப்பான், இப்போது... நாகேந்திரத்துக்குக் கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. "பாருங்கள், எப்படி உருகுகிறான்!" என்று துரை பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார்.

நாடகம் முடிந்ததும் விழுந்தடித்துக்கொண்டு கோட்டை ஸ்டேஷனுக்கு ஓடினார். ரயில் பெட்டியின் யன்னலோரம் கழுத்தில் மப்ளரோடு பாகவதர். வெளியே, வழியனுப்ப வந்த ஒஸ்வால்ட்.

"எங்க போய்த் துலைஞ்சீங்க?" என்று பாய்ந்தார் ஒஸ்வால்ட். "ராசா செத்ததும் கொட்டகையே உங்கட கதிரையைப் பார்த்துக்கொண்டு இருந்தது!"

"நீங்கள் கத்தியிருக்கலாமே, ஒஸ்வால்ட்!" குரல் கரகரத்தது.

"முதல் குரல் உங்களுக்கு எண்டு நீங்கதானே சட்டம் போட்டது?"

பாகவதர் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது.

"வாங்க. செத்துக் கிடந்தேங்க, காதைத் தீட்டிக்கிட்டு. ஒரு சத்தம் வரல. சரி, ஜனங்களுக்கு நம்ம பாட்டுப் போதும்போலன்னு அப்படியே படுத்துட்டேன். திரையை விட்டுட்டாங்க."

போதாது ஐயா, ஏழேழு பிறப்புக்கும் போதாது! நாகேந்திரம் யன்னலுக்குக் கிட்டப் பாய்ந்தார். வண்டி ஊதியது. உயிரைக் கூட்டி வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. இருந்த குரல் முழுவதையும் துரைசாணிக்குக் கொடுத்தாயிற்று.

"என்னங்க?" பாகவதர் யன்னலால் தலையை நீட்டிக் காதில் கையை வைத்தார். "கேக்கலையே!"

வண்டி நகர்ந்தது. நாகேந்திரம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கூடவே ஓடினார். பாகவதர் காதில் வைத்த கையை எடுக்கவேயில்லை.