துருவின் மேல் வெள்ளிப் பூச்சு

முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் கத்தரிகளையும் கத்திகளையும் கொதிக்கவைத்துத் துடைத்து அடுக்கிய நர்ஸ் அவள். துரு எங்கே போய் ஒளியும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் புருஷனோ ஓய்வு பெற்ற அதிகாரி. கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வேலை செய்தறியாத கை. ஆசையாக வாங்கிய பழைய காருக்கு சைக்கிள் போலக் கம்பி கோத்த சக்கரங்கள்; அவற்றை அவர் கழற்றக்கூட இல்லை. டயரைச் சுற்றிச் செய்தித்தாளை ஒட்டி, துருவின் மேலேயே வெள்ளிப் பெயிண்டைப் பீய்ச்சிவிட்டார்.

"ஒர்க்ஷாப்காரன் கேட்டதுல பத்துல ஒரு பங்குதான் செலவு. மூளை வேணும்டி."

அவள் கரண்டியால் கம்பிகளைத் தட்டிப் பார்த்தாள். சில கம்பிகள் கணீரென்றன. பல கம்பிகள் செத்த சத்தம் போட்டன.

"ஏங்க, பாதிக் கம்பி லொடலொடங்குது. உள்ள அரிச்சுப் போயிருக்கு."

"ஊசி போடுறவளுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?"

அவள் கரண்டியோடு அடுப்படிக்குப் போனாள். பயந்து அல்ல; இந்த மனுஷனுக்காகத் தொண்டைத் தண்ணீரை வீணாக்குவானேன் என்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதம் அவர் ஓட்ட, முதல் வளைவிலேயே படபடவென்று கம்பிகள் தெறித்தன. முன்சக்கரம் முறம்போலக் கோணிக்கொண்டது. ஜனங்கள் போட்டோ எடுத்தார்கள்.

"ரோடா இது?" என்று அவர் ரோட்டைத் திட்டினார்.

அதன்பின் அவர் ஸ்டீயரிங் பக்கமே போகவில்லை. அவள் சக்கரங்களைக் கழற்றித் தெருமுனை சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு, கம்பி பிரஷ்ஷால் துருவை வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்தாள். பழைய இரும்புக் கடையில் தேடிப்பிடித்த கம்பிகளை மாட்டினாள். சக்கரத்தைச் சுழற்றி, விளிம்பருகே சாக்கட்டியை அசையாமல் பிடித்தாள்; கோணல் உரசிக் கோடு விழுந்த இடத்தில், அந்தப் பக்கத்துக் கம்பிகளைத் தளர்த்தி எதிர்ப்பக்கத்துக் கம்பிகளை இறுக்கி நேராக்கினாள். பெயிண்ட் அடித்தது கடைசியில்தான். இரண்டு மாதம் பிடித்தது.

அடுத்த ஊர்வலத்தில் அவர் நாலு பேரைக் கூட்டிவைத்து, "நாமளே செஞ்சா செலவு கம்மி சார். பொறுமைதான் முக்கியம்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஹாரனை அழுத்தினாள்.

"ஏறுறீங்களா, நடந்து வர்றீங்களா?"

அவர் ஏறினார். கதவைச் சரியாகச் சாத்தத் தெரியாமல் மூன்று தரம் அறைந்தார்.