இரண்டாம் வரிசையில் ஏழாவது ஆள்

ராஜபாளையத்தில் படங்களுக்குப் பிரேம் போடும் அல்லாபிச்சையிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. படம் பெரிதாக இருந்தால் பிரேமைப் பெரிதாக்க மாட்டார். படம் ஒட்டிய அட்டையை வெட்டிவிடுவார். வெட்டிய துண்டையும் வீணாக்காமல், படம் ஆடாதிருக்கப் பின்னால் செருகிவிடுவார். முப்பது வருஷமாக யாரும் குறை சொன்னதில்லை. அவரும் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

1987 ஆவணியில் சோழபுரத்து இருளம்மாள் ஒரு படத்தோடு வந்தார். பர்மாச் சண்டைக்குப் போய்த் திரும்பாத கணவர் பால்ச்சாமி, முகாமிலிருந்து அனுப்பிய படம். இருபது வருஷம் டிரங்குப் பெட்டியில் கிடந்து, பிறகு அல்லாபிச்சை கையால் பிரேமுக்குள் போனது. அறுபது சிப்பாய்கள், ஒவ்வொரு முகமும் கடலைப்பருப்பு அளவு.

"மக புதுசா வீடு கட்டியிருக்கா பாய். அப்பன் முகம் பார்க்காதவ. அவிய முகத்தை மட்டும் பெருசு பண்ணி மாட்டணுமாம்."

எந்த முகம் என்று கேட்கத் தேவையே இல்லை. இரண்டாம் வரிசையில் மூன்றாவது ஆளுக்கு நேராக, கண்ணாடியில் வருஷக்கணக்கான குங்குமம் காய்ந்திருந்தது.

மறுநாள் ஆணிகளைப் பிடுங்கிப் பின்பலகையை எடுத்தார். அவரே செருகிய துண்டு உள்ளே இருந்தது. அதில் வரிசைவாரியாக, இடமிருந்து வலமாக, இங்கிலீஷில் பெயர்கள். எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்து எழுத்துக்கூட்டினார். இரண்டாம் வரிசையில் மூன்றாவது ஆள் வேல்சாமி. பால்ச்சாமி ஏழாவது. திரும்ப எண்ணியும் மாறவில்லை.

துண்டைக் கிழித்துப் போட்டால் கேட்பாரில்லை. இருளம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்த மகள் யாரோ ஒருவரை அப்பா என்று தினமும் கும்பிடுவாளே! இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இருளம்மாள் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

இருளம்மாள் முக்காலியில் உட்கார்ந்து படத்தை மடியில் வாங்கிக்கொண்டார்.

"பதினாறு நாள்தான் கூட இருந்தேன். நிமிந்து பார்த்ததில்ல. மாமியா தொட்டுக் காட்டுன ஆளு இது. அவளுக்குக் கண்ணு மங்கல்." பிறகு கேட்டார்: "பேரை ஏன் பாய் வெட்டுனீய?"

"பிரேமுக்கு நீளமா இருந்துச்சு அக்கா." சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

இருளம்மாள் ஏழாவது முகத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். அந்த அகன்ற நெற்றி அப்படியே மகளுடையது. அப்போதுதான் அழுதார். அல்லாபிச்சை வேறு எங்கோ பார்த்தபடி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த வேறொரு பிரேமின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இருளம்மாள் எழுந்து, படத்தில் மூன்றாவது ஆளின் மேல் விரல் வைத்தார்.

"இவிய பேரு என்ன சொன்னீய?"

"வேல்சாமி."

"எந்த ஊரோ. நெனைக்க வீட்ல ஆளு இருக்கோ இல்லையோ." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இவியளையும் பெருசு பண்ணிருங்க பாய். இம்புட்டு வருசம் கும்பிட்டுட்டு, இப்பப் போங்கன்னு சொல்ல மனசு வரல."