சரக்கு என்று எழுதிவிட்டேன்

தேனியில், போலீசில் குற்றத் தகவல் திரட்டும் பிரிவு ஒன்றில் பத்திரிகைக் குறிப்பு எழுதுவது என் வேலை. அதிகாரி கையெழுத்துப் போட்டதும் நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதை அனுப்புவேன். அந்தக் குழுவில் நாங்கள் மட்டும்தான் பேசலாம். அவர்கள் திருப்பி ஒரு வார்த்தை கேட்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தோம். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒருநாள் வாடகை வேன் ஒன்றில் கஞ்சா பிடிபட்டது. அதைச் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த டிரைவர் கைதானான். பின்னால் இருந்த ஏலக்காய் மூட்டைகள் தேவாரத்து வியாபாரி ஒருவருடையவை. அந்த மனுஷனுக்கு ஒன்றுமே தெரியாது. நான் எழுதினேன்: "கஞ்சா கடத்திய வேனில் தேவாரம் ஏலக்காய் வியாபாரியின் சரக்கு கைப்பற்றப்பட்டது." நான் போடி கடைத்தெருவில் பிறந்தவள். எங்கள் வீட்டில் சரக்கு என்றால் ஏலக்காய்தான். ஊர் உலகத்தில் அதற்கு வேறு அர்த்தம் உண்டென்பது எழுதும்போது உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்துவிட்டது, பிடிபட்ட கஞ்சா ஏலக்காய் வியாபாரியுடையது என்று.

அதற்கடுத்த நாள் அந்த வியாபாரி ஆபீசுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பேர் போடவில்லையே என்று நான் இழுத்தேன். தேவாரத்தில் யாருடைய மூட்டை போலீசில் நிற்கிறது என்று தெரியாத ஆள் உண்டா என்று கேட்டார்.

"எம்மக பிளஸ் டூ படிக்கிறா. உங்கப்பாட்ட சரக்கு இருக்கான்னு கேட்டு சிரிக்கிறாகளாம். நேத்துப் போயிட்டு வந்ததுலருந்து பள்ளிக்கூடம் போகமாட்டேங்குறா தாயி."

எனக்குக் கோபம் முதலில் பேப்பர்மேல்தான் போனது. நிருபரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "நீங்க எழுதுனதத்தான போட்டேன். சந்தேகம்னா எங்கன போய்க் கேக்குறது? குரூப்பத்தான் பூட்டி வச்சிருக்கீகளே."

அதிகாரியின் அறைக்குப் போய், திருத்தம் வெளியிட வேண்டும் என்றேன். நம் பிரிவு மறுப்பு வெளியிடுவதே இல்லை, ஒரு தடவை வெளியிட்டால் அப்புறம் எதை எழுதினாலும் நம்பமாட்டார்கள் என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"அய்யா, தப்பு பேப்பர்ல இல்ல, எங்கிட்ட. நாம ஒத்துக்கிட்டாத்தான் இனிமே நம்புவாக."

பழைய குறிப்பை வாங்கிப் படித்தார். பிறகு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். சரக்கு என்று குறிப்பிட்டது ஏலக்காய் மூட்டைகளை மட்டுமே, கஞ்சாவுக்கும் வியாபாரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, பிழை எங்களுடையது என்று எழுதினேன். கடைசி வரிக்கு அவர் பேனா போனது. அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அந்தத் தைரியத்தில் குழுவையும் திறந்துவிடக் கேட்டேன். தலையாட்டினார்.

அனுப்பிய இரண்டாவது நிமிடமே குழுவில் ஒருவர் கேட்டார், மூட்டைகளை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று. அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. பதில் சொல்ல வேண்டியிருந்ததால், அன்றைக்கே அதற்கான வேலையைத் தொடங்கினோம்.

மறுநாள் காலை வியாபாரி போன் பண்ணினார். திருத்தம் வந்துவிட்டதா, பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"இன்னும் படிக்கல தாயி. பேப்பர மக எடுத்துட்டுப் போயிட்டா."

"எங்கன?"

"பள்ளிக்கூடத்துக்கு."